கருணாபுரம்: கோமுகிக் கரையின் உழைப்பாளிகள்

கள்ளக்குறிச்சியில் மூட்டை ஏறி இறங்காத நாள் கிடையாது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு மக்காச்சோளமும் உளுந்தும் எள்ளும் மல்லாட்டையும் (நிலக்கடலை) வருகின்றன. அரிசி ஆலைகளுக்கு நெல் வருகிறது. மலையடிவாரத்தில் பிடுங்கிய மரவள்ளி, சின்னசேலம், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு லாரியில் போகிறது. கரும்பு, மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்குப் போகிறது. சேலத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவில், நெடுஞ்சாலையை ஒட்டிய இந்த ஊர் பிழைப்பதே விளைபொருளைக் கைமாற்றி அனுப்புவதில்தான். அப்படியானால் அந்த மூட்டைகளைத் தோளில் தாங்குபவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்பது ஊரின் வரலாற்றில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி. அதற்கு ஒரு விடை கருணாபுரம்.

2024 ஜூன் மாதத்துக்குப் பிறகு இந்தப் பெயரைத் தெரியாத தமிழர் குறைவு. ஆனால் தெரிந்ததெல்லாம் ஒரு கள்ளச்சாராயச் சாவுச் செய்திதான். கோமுகி ஆற்றங்கரையில், காவல் நிலையத்துக்கும் நீதிமன்ற வளாகத்துக்கும் எட்டிய தூரத்தில், ஊருக்குள்ளேயே இருந்தும் ஊரின் ஓரமாகவே எண்ணப்பட்டு வந்த குடியிருப்பு இது. பட்டியல் சாதி மக்கள் மிகுதி. சுமை தூக்குவோர், கட்டட வேலைக்காரர், பெயிண்டர், துப்புரவுப் பணியாளர், வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள் என அன்றாடக் கூலியில் வாழ்பவர்கள். இவர்களைப் 'பலியானோர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைத்துவிட்டுப் போவது அநியாயம் என்று நினைக்கிறேன். ஒரு குடியிருப்பின் வரலாறு அது மாண்ட நாளில் தொடங்குவதில்லை.

பழைய தென்னாற்காட்டு ஊர்களின் அமைப்பு நமக்குத் தெரிந்ததுதான். ஊர் ஓரிடம், சேரி ஓரிடம், நடுவில் ஒரு வயலோ வாய்க்காலோ இருக்கும். சந்தை பெருத்து, வட்டத் தலைநகராகி, பேருந்து நிலையமும் நீதிமன்றமும் வந்தபோது, ஊர் தன் எல்லையைத் தாண்டிப் பரவிச் சேரியைச் சுற்றிக்கொண்டது. அதன் பிறகு சேரிகள் நகர் என்றும் புரம் என்றும் பெயர் தாங்கின. நிலத்தின் விலை உயர்ந்தாலும் அந்தத் தெருக்களின் இடம் உயரவில்லை. ஆற்றின் கரை எந்த ஊரிலும் மலிவான இடம். வெள்ளத்துக்கு அஞ்சி வசதியுள்ளவர் விட்டுவைத்த மண் அது. சுடுகாடும் அங்கேதான் இருக்கும், குப்பை கொட்டுவதும் அங்கேதான். தமிழ்நாட்டின் எந்த வட்டத் தலைநகரிலும் ஆற்றோரமாக ஒரு சுற்று நடந்தால் கருணாபுரத்தின் சாயல் கிடைக்கும்.

2011 கணக்கெடுப்பில் கள்ளக்குறிச்சியின் மக்கள்தொகை ஐம்பதாயிரத்தைச் சற்றே தாண்டியது. அப்போது அது விழுப்புரம் மாவட்டத்தின் ஒரு மூலை. அதற்கு முன், 1993 வரை, தென்னாற்காட்டின் கோடி. 2019 ஜனவரி 8 அன்று தனி மாவட்டம் என்ற அறிவிப்பு சட்டமன்றத்தில் வந்தது. நவம்பர் 26 அன்று மாவட்டம் நடைமுறைக்கு வந்தது. அப்போது மனை விலை ஏறியது. வயல்களில் கல் நட்டுப் பிளாட் போட்டார்கள். வீரசோழபுரத்தில் ஆட்சியர் அலுவலகம் கட்டக் கோயில் நிலத்தை எடுத்ததே பெரிய வழக்காயிற்று. 2022 ஜனவரி 12 அன்று சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. தலைநகர் ஆனதன் பலன் ஊரின் நாலா பக்கமும் தெரிந்தது. கட்டடம் எழும்பியதால் சித்தாள் வேலையும் பெயிண்ட் அடிக்கும் வேலையும் கருணாபுரத்துக்குக் கூடுதலாகக் கிடைத்திருக்கும். அதற்கு மேல் மாவட்டத் தலைநகர் என்ற பட்டம் அந்தச் சந்துகளுக்குள் என்ன கொண்டுவந்தது என்று கேட்டால், சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை.

இந்தக் குடியிருப்பை ஒட்டி ஓடும் கோமுகி எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கல்வராயன் மலையில் பிறந்து, கச்சிராயபாளையத்துக்கு அருகில் 46 அடி உயர அணையில் தேங்கி, கள்ளக்குறிச்சியைத் தொட்டுக்கொண்டு கிழக்கே போய் மணிமுத்தாற்றுடன் சேர்கிறது. தண்ணீர் மட்டும் அந்த வழியில் இறங்கவில்லை. கடுக்காயும் தேனும் சாமையும் மரவள்ளியும் இறங்கின. கூலிக்கு ஆட்கள் இறங்கினார்கள். லாரி டியூபில் கட்டிய சாராயமும் இறங்கியது. மலையின் கதையும் கருணாபுரத்தின் கதையும் ஒரே கதையின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் என்பது என் துணிபு.

கல்வராயன் மலை ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் சற்று மேல் பரந்தது. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரு பிரிவு. சேலம், கள்ளக்குறிச்சி மாவட்டங்கள் அதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அங்கே வாழ்பவர்களில் பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடிகள். கேரளத்து மலையாளிகளோடு இவர்களுக்குத் தொடர்பில்லை. பேச்சு தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் தங்கள் குலதெய்வமான கரிராமனோடு மலையேறினார்கள், ஆளுக்கொரு மலையில் தங்கினார்கள் என்பது சேர்வராயன், கொல்லி, பச்சைமலை, கல்வராயன் என்று எல்லா மலைகளிலும் வெவ்வேறு வடிவில் சொல்லப்படும் கதை. தரையிலிருந்து போனவர்கள் என்ற நினைவை அவர்களே இத்தனை தலைமுறை காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். மலை வேறு தரை வேறு என்ற எண்ணம் நம்முடையது.

ஆட்சி மட்டும் வேறாக இருந்தது உண்மை. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என மூன்று ஜாகீர்தார்களின் கையில் கல்வராயனின் தென்னாற்காட்டுப் பகுதி இருந்தது. ஆங்கிலேயர் தரையை அளந்து ரயத்துவாரிப் பட்டா கொடுத்த காலத்திலும் மலையை ஜாகீர்தார்களிடமே விட்டுவைத்தார்கள். நிலத்தை அளந்து வரி போடும் வழக்கம் அங்கே வரவில்லை. ஏர் எத்தனை, கொத்து எத்தனை என்று உழவனின் கருவியை எண்ணி வரி வாங்கினார்கள். கூலியில்லா வேலையும் வாங்கினார்கள். 1947 வந்தது, குடியரசு வந்தது, ஜமீன்தாரி ஒழிப்பும் வந்து போயிற்று. கல்வராயன் முழுதாக அரசின் கைக்கு வந்தது 1976 ஜூனில்தான். அதே ஆண்டு நாடாளுமன்றம் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. சுதந்திரத்துக்கும் இந்த மலைக்கும் நடுவே 29 ஆண்டு. அந்த 29 ஆண்டில் தரையில் பள்ளிக்கூடம், சத்துணவுக்கு முன்னோடியான மதிய உணவு, மின்சாரம், ஆரம்பச் சுகாதார நிலையம் என ஒவ்வொன்றாக வந்தன. மலையில் அந்த ஆண்டுகள் வெறுமையாகப் போயின. பின்னால் வந்த எந்தத் திட்டமும் அந்த இடைவெளியை இன்னும் முழுதாக அடைக்கவில்லை.

1976-க்குப் பிறகு ஜாகீர்தார் போனார், வனத்துறை நின்றது. காப்புக்காடு என்று கோடு போட்ட இடத்தில் மலையாளி உழவர்களின் காணியும் சிக்கிக்கொண்டது. பட்டா இல்லாத நிலத்துக்கு வங்கிக் கடன் கிடையாது. மழையை நம்பிய சாமையும் மரவள்ளியும் ஆண்டு முழுவதும் சோறு போடாது. ஆகவே வெளியூர்க் கூலிக்குப் போனார்கள்: கேரளத்து, கர்நாடகத்துத் தோட்டங்கள், திருப்பூர், பெங்களூரு கட்டடங்கள். இன்னொரு வழி உள்ளூரிலேயே இருந்தது. வெல்லமும் வேலம்பட்டையும் போட்டு ஊறல் வைத்துக் காய்ச்சுவது. மலை முழுக்கச் சாராயம் காய்ச்சியது என்று சொல்வது பொய். பெரும்பாலோர் உழுது பிழைத்தார்கள். ஆனால் காவல்துறை ஓடையோரப் புதர்களில் பேரல் பேரலாக ஊறலைக் கொட்டி அழித்ததாகப் பத்திரிகையில் செய்தி வராத மாதம் குறைவு. அந்தச் செய்திகளில் காய்ச்சியவரின் படம் வரும். அதற்கு முதல் போட்டவர், டியூபை மலையிறக்கியவர், ஊரில் விற்றவர், அதற்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டவர் படம் வராது.

மதுவிலக்கு என்ற பரிசோதனையை இந்தியாவில் முதலில் செய்து பார்த்ததும் இந்த மலையின் அடுத்த பக்கத்தில்தான். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-இல் அது மாகாணம் முழுவதற்கும் ஆயிற்று. 1971-இல் விலக்கப்பட்டது, 1974-இல் திரும்ப வந்தது, 1981-இல் மீண்டும் போயிற்று. 1983-இல் டாஸ்மாக் பிறந்தது. அரசு உரிமம் பெற்ற மலிவுச் சாராயக் கடைகள் 1980-களிலும் 1990-லும் திறப்பதும் மூடுவதுமாக இருந்து, 1991-இல் அடியோடு மூடப்பட்டன. 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கு வந்தது. இத்தனை மாற்றங்களிலும் மாறாதது ஒன்று உண்டு. கூலிக்காரனின் கைக்கு எட்டும் விலையில் சட்டப்படியான எதுவும் இல்லாமல் போனதும், அந்த விலையில் சட்டத்துக்குப் புறம்பான ஒன்று தெருமுனைக்கு வந்துவிடும். 2024 பிப்ரவரியில் டாஸ்மாக்கின் சாதாரண ரக குவார்ட்டர் 140 ரூபாய் ஆயிற்று. பாக்கெட் சாராயம் அப்போது அதில் பாதி விலைக்கும் குறைவு. விடிகாலை வேலைக்குப் போகுமுன்பே கிடைக்கும். வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடைக்கும்.

ஏன் குடிக்கிறார்கள் என்று ஒழுக்கத்தின் உயரத்தில் நின்று கேட்பவர்கள் ஒருமுறை அந்த மூட்டையின் எடையைப் பார்க்க வேண்டும். மக்காச்சோளம் 100 கிலோ மூட்டையாக விலை பேசப்படுகிறது. மல்லாட்டை 80 கிலோ, நெல் 75 கிலோ. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் செய்த பரிந்துரை, வயது வந்த ஆண் ஒருவர் சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டக்கூடாது என்கிறது. அரை நூற்றாண்டு கடந்தும் நம் களத்து மூட்டை அந்த அளவுக்குக் குறையவில்லை. முதுகும் இடுப்பும் முழங்காலும் வலிக்கும் உடம்பு, மறுநாளும் அதே வேலைக்குப் போகவேண்டிய உடம்பு. வலிக்கு மருத்துவம் பார்க்க ஒரு நாள் விடுப்பு எடுத்தால் அந்த நாளின் கூலி போய்விடும். கருணாபுரத்துப் பெண்கள், செய்தியாளர்கள் வந்து நின்றபோது, இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். உடம்பு வலிக்குக் குடிப்பார், தூங்குவார், காலையில் எழுந்து போவார். குடி குடும்பத்தைத் தின்றது என்பதையும் அதே பெண்கள்தான் சொன்னார்கள். இரண்டும் உண்மை.

2024 ஜூன் 18 அன்று கருணாபுரத்தில் விற்ற பாக்கெட்டில் இருந்தது மலைச் சாராயம் அல்ல, மெத்தனால். பெயிண்ட், பிசின், கரைப்பான் தொழில்களில் பயன்படும் வேதிப்பொருள். சென்னைப் பக்கத்திலிருந்து அது வாங்கிவரப்பட்டதாக விசாரணையில் சொல்லப்பட்டது. இந்த இடத்தில் வாசகர் சற்று நிற்க வேண்டும். சாவு நடந்ததும் போலீஸ் வண்டிகள் விரைந்தது கல்வராயன் மலைக்கு. அங்கே ஊறல்கள் அழிக்கப்பட்டன, ஆட்கள் பிடிபட்டார்கள், 'சாராய மலை' என்ற பழிப் பெயர் இன்னும் ஆழமாகக் குத்தப்பட்டது. ஆனால் விஷம் மலையிலிருந்து இறங்கவில்லை. எதிர்த் திசையிலிருந்து, நகரத்துத் தொழில் கிடங்குகளின் பக்கமிருந்து, நல்ல தார்ச்சாலையில் வந்தது. மலையில் காய்ச்சுவதற்கு உழைப்பும் விறகும் நாட்களும் வேண்டும். மெத்தனாலை வாங்கித் தண்ணீர் ஊற்றுவதற்கு எதுவும் வேண்டாம். லாபம் பார்க்கிறவன் எதைத் தேர்ந்தெடுப்பான் என்பதில் புதிர் இல்லை.

மெத்தனால் குடித்தவுடன் கொல்வதில்லை. அதுதான் அதன் கொடுமை. வாசனையிலும் போதையிலும் அது சாதாரணச் சாராயத்தை ஒத்தது. கல்லீரல் அதை முதலில் பார்மால்டிஹைடாகவும் பிறகு பார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் இரத்தத்தில் ஏற ஏறப் பார்வை நரம்பு கருகுகிறது, மூச்சு திணறுகிறது. இதற்குப் பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். ஆகவே ஒருவர் மாண்டு, அவர் வீட்டில் பறை கேட்கும்போது, அதே சரக்கைக் குடித்த இன்னொருவர் தமக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துத் துக்க வீட்டுக்கு வந்து மீண்டும் குடிக்கிறார். கருணாபுரத்தில் அப்படியே நடந்தது. ஜூன் 19 அன்று, முதல் சாவுகள் தெரிந்த நேரத்தில், இது கள்ளச்சாராயச் சாவு அல்ல என்ற விளக்கமே மாவட்ட நிர்வாகத்திடமிருந்து வந்தது. எந்த மணி நேரத்தில் தெருத்தெருவாக எச்சரிக்கை போயிருக்க வேண்டுமோ, அந்த மணி நேரத்தில் மறுப்பு போயிற்று. ஆரம்பத்திலேயே மருத்துவமனைக்கு வந்திருந்தால் பொமெபிசோல் மருந்தும் டயாலிசிசும் பலரைக் காப்பாற்றியிருக்கும். தாமதமாக வந்தவர்கள் கண்ணை இழந்தோ உயிரை இழந்தோ போனார்கள்.

கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என நான்கு இடங்களில் சிகிச்சை நடந்தது. 65-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மாதவச்சேரி, சேஷசமுத்திரம் போன்ற ஊர்களிலும் சாவு விழுந்தது. ஆனால் மிகப் பலர் கருணாபுரத்துக்காரர்கள். பெண்களும் இருந்தார்கள், ஒரு திருநங்கையும் இருந்தார். சந்துகள் குறுகலானதால் உடல்களை வீட்டுக்குள் வைக்க இடமில்லை. தெருவில் பந்தல் போட்டு வரிசையாகக் கிடத்தினார்கள். கோமுகிக் கரைச் சுடுகாட்டில் ஒரே நாளில் இருபதுக்கு மேற்பட்ட சிதைகள் எரிந்தன.

இதற்கு ஒரு வருடம் முன்பு, 2023 மே மாதத்தில், மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும் இதே மெத்தனால் 20-க்கும் மேற்பட்டோரைக் கொன்றிருந்தது. 2001-இல் பண்ருட்டி வட்டாரத்தில் 50-க்கும் மேற்பட்டோர். மும்பையின் மலாட் புறநகரில் மால்வணி என்ற குடிசைப் பகுதியில் 2015 ஜூனில் நூறு பேருக்கு மேல். அசாமின் கோலாகாட்டில் 2019-இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். ஊர்களின் பெயரை மாற்றினால் போதும், வாசித்த செய்தியையே மீண்டும் வாசிப்போம். எல்லா இடத்திலும் உடலுழைப்புக் கூலிக்காரர்கள், எல்லா இடத்திலும் ஏதோ ஓர் ஓரம்.

பிறகு நடந்தவை பதிவில் உள்ளன. ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். ஓய்வுபெற்ற நீதிபதி பி.கோகுல்தாஸ் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாயும், பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாயும் கல்விச் செலவும் அறிவிக்கப்பட்டன. மதுவிலக்குச் சட்டத்தில் தண்டனை கூட்டப்பட்டது. 2024 நவம்பர் 20 அன்று சென்னை உயர் நீதிமன்றம் வழக்கைச் சிபிஐக்கு மாற்றியது.

இவற்றைவிட என் மனத்தில் நிற்பது வேறொன்று. 2024 ஜூலையில், நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியமும் சி.குமரப்பனும் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தாமாகவே முன்வந்து ஒரு வழக்கை எடுத்தார்கள். ஜாகீர் ஆட்சி, 1976 வரை தள்ளிப்போன இணைப்பு, வாக்குரிமையின்றிக் கழிந்த ஆண்டுகள், சாலையில்லாத ஊர்கள், ரேஷன் அட்டையும் சாதிச் சான்றும் கிடைக்காத குடும்பங்கள் எல்லாம் நீதிமன்றத்தில் பேசப்பட்டன. சாராயச் சாவு ஒரு சட்டம் ஒழுங்குப் பிரச்சினை என்று ஏட்டை மூடிவிடாமல், வேருக்குப் போகப் பார்த்தார்கள். அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் மலைக்குக் கிடைத்த அந்தப் பார்வை, ஆற்றின் கீழ்முனையில் இருக்கும் குடியிருப்புக்கு இதே அளவில் கிடைக்கவில்லை. கருணாபுரத்துக்கு நிவாரணம் வந்தது. அதன் வீட்டுமனை, கழிவுநீர், கூலி, வேலைநேரம் பற்றிய விசாரணை வரவில்லை. மலைவாழ் மக்களின் வறுமைக்கு வரலாறு உண்டு என்று ஏற்கும் நாம், நகரத்துத் தலித் கூலிகளின் வறுமையை அவர்களின் பழக்கவழக்கத்தால் விளக்கிவிடுகிறோம்.

சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982-லேயே வந்தது. சுமை தூக்குவோர், கட்டடத் தொழிலாளர் எல்லாருக்கும் நல வாரியங்கள் உண்டு. விபத்து இழப்பீடு, ஓய்வூதியம், பிள்ளைகளின் படிப்புக்கு உதவி உண்டு. ஆனால் பதிவு வேண்டும், புதுப்பிக்க வேண்டும், வேலை கொடுத்தவர் யார் என்று காட்ட வேண்டும். இன்று ஓர் ஆலை, நாளை ஒரு மண்டி என்று போகிறவருக்கு முதலாளி யார்? இதற்கு விற்பனைக் கூடமே பொறுப்பேற்கலாம். உள்ளே நுழையும் ஒவ்வொரு மூட்டைக்கும் விலையும் எடையும் ஏட்டில் ஏறுகின்றன. அதைச் சுமந்தவரின் பெயரும் அதே ஏட்டில் ஏறினால் வாரியப் பதிவுக்கு வேறு சான்று வேண்டாம். மூட்டையின் எடையை 50 கிலோவாகக் குறைப்பதும் விற்பனைக் கூடங்களிலிருந்தே தொடங்கக்கூடிய வேலை. உரமும் சிமெண்டும் 50 கிலோவுக்கு மேல் இல்லாத மூட்டையில்தான் இன்று வருகின்றன. அவற்றுக்கு முடிந்தது மக்காச்சோளத்துக்கு முடியாமல் போகாது.

கருணாபுரத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் இப்போது பள்ளியில் படிக்கிறார்கள். அவர்களுக்கான மாதத் தொகை 18 வயதில் நின்றுவிடும். அவர்களில் மூத்தவர்கள் கல்லூரியை எட்டும் ஆண்டு தொலைவில் இல்லை. சிறுவங்கூர் மருத்துவக் கல்லூரியும், மாவட்டத் தலைநகர் ஆனதால் வந்த அலுவலக வேலைகளும் அவர்கள் வீட்டுக்குச் சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கின்றன. அந்த இடங்களில் அவர்கள் எத்தனை பேர் போய் உட்காருகிறார்கள் என்று ஆண்டுதோறும் கேட்டு, பெயர் சொல்லாமல் எண்ணிக்கையை மட்டும் வெளியிடும் பொறுப்பை மாவட்ட நிர்வாகம் ஏற்க வேண்டும்.